இரண்டு கோடு

"ஆமாம் என்று தலையாட்டுங்கள்" என்கிறான் கயெத்தான்,
"ஆனால் யாருக்கும் தெரியக் கூடாது."

மல்லாந்து கிடக்கிறேன்.
பிடரிக்கும் மேசைக்கும் நடுவே
காற்றடைத்த சின்னப் பை.
அதிலிருந்து நீளும் குழாயின் நுனியில்
முள் வைத்த வட்டம், என் கையில்.
முள் இருபதில் நிற்கிறது.
இருபத்திரண்டுக்குக் கொண்டுபோய்
பத்து எண்ணும்வரை பிடித்துவைக்க வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

நான் மிரோஸ்வாவா.
க்டின்யா துறைமுகம், நாலாம் எண் கிரேன்.
நாற்பத்திரண்டு மீட்டர் உயரத்தில்
கண்ணாடித் தரை போட்ட அறை.
முழங்கால்களுக்கு நடுவே
பத்தொன்பது வருடமாகக் கீழே பார்க்கிறேன்.
நாற்பது டன் பெட்டியைக்
கப்பலின் வயிற்றுக்குள்
ஒரு சாண் இடைவெளி விட்டு இறக்குவேன்,
பால்டிக் காற்று தோளைப் பிடித்துத் தள்ளினாலும்.

முள் முப்பத்தொன்றுக்குத் தாவுகிறது.

"அவசரம்" என்கிறான்.
கழுத்தின் இருபுறமும்
கயிறாய்ப் புடைத்த தசைகளை விரலால் தொடுகிறான்.
"இவர்கள் சும்மா இருக்கட்டும்.
எல்லாவற்றுக்கும் இவர்களே ஓடிவருகிறார்கள்.
உள்ளே, எலும்பை ஒட்டி இருக்கிறார்களே,
அவர்கள் வேலையை மறந்து
வருடக்கணக்காயிற்று."

எங்கள் துறைமுகத்திலும் அப்படித்தான் என்றேன்.
சிரித்தான். சிரிக்கும்போது
முப்பது வயதுகூட இருக்காது அவனுக்கு.

இங்கே வருவதற்கு எட்டு மாதம் காத்திருந்தேன்.
அதுவரை குதிரைக் களிம்பு.
போகுமில் கொடுத்தது, டப்பாவின் மேல்
நிஜமாகவே குதிரைப் படம்.
கற்பூர வாடை லிஃப்ட் முழுக்க.
ஒரு வாரம் ரேடியோவில்
எல்லோரும் எனக்குக் கனைத்துக் காட்டினார்கள்.
இரவில் தலையணையை நாலாக மடித்தேன்,
பிறகு தூக்கி எறிந்தேன்,
பிறகு எழுந்துபோய் எடுத்துவந்தேன்.

"தலை ஐந்து கிலோ.
குனியக் குனிய அதன் பாரம் ஏறும்."
தலைக்கனம் பிடித்தவள் என்று
விவாகரத்து நாளில் ஒருவன் சொன்னான்.
எடை போட்டா சொன்னான்?
தலை குனிந்தே பிழைத்தவள் நான்,
வெட்கப்பட ஒன்றுமே செய்யாமல்.
அந்தக் குனிவுக்குத்தான் சம்பளம்.

வெந்நீர்ப் பொட்டலம்.
எறும்பு ஊர்வதுபோல் ஒரு மின்சாரம்.
அப்புறம் அவன் கட்டைவிரல்,
மண்டையோட்டின் விளிம்புக்குக் கீழே
ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து
அழுத்தாமல், அழுத்தாமல், காத்திருக்கும்.
அங்கே தொட்டால் கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது.
நான் அழவில்லை.
கண் அதுவாகவே நனைந்துகொண்டது.

திரைக்கு அந்தப் பக்கம்
ஒரு பல் டாக்டர் படுத்திருக்கிறாள்.
முகம் பார்த்ததில்லை.
பிறர் வாய்க்குள் குனிந்து தேய்ந்த கழுத்து.
அவளும் வாய்க்குள் எண்ணுகிறாள்.
ஏழில் அவள் மூச்சு உடைகிறது.
எட்டில் என்னுடையது.
யாரும் பார்க்காத இரண்டு பேர்
யாரும் கேட்காத எதற்கோ
ஆமாம், ஆமாம் என்கிறோம்.

ஒன்பதாம் நாள்
முள் இருபத்திரண்டில் நின்றது.
நடுங்கியது, ஆனால் நின்றது.
மூன்று, நான்கு, வெளியே டிராலிபஸ் ஒன்று போனது,
ஒன்பது, பத்து.
நாற்பது டன்னைத் தூக்கியபோது
இப்படி வியர்த்ததில்லை.

பத்தாம் நாள் படிவம்.
வலிக்குப் பத்தில் எத்தனை?
வரும்போது ஏழு போட்டிருந்தேன்.
அவன் பேனாவை நீட்டியபடி நின்றான்,
பாவமாக இருந்தது, மூன்று என்று எழுதினேன்.
அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினேன்.
"ஐந்து போதும்" என்றான். போதுமா என்று தெரியவில்லை.
அடுத்த முறைக்கு ஜூலையில் தேதி.

இன்று காலை ஷிஃப்ட்.
இரண்டு பெட்டிகளுக்கு நடுவே
லாரி வரத் தாமதம்.
பிடரியை இருக்கையில் பதிக்கிறேன்,
தாடையை உள்ளே இழுக்கிறேன்.
நேரே பார்த்தால் கடல் இருக்கிறது.
இத்தனை வருடம் அது அங்கேயா இருந்தது?

"அடுத்தது இறக்கலாமா?" கீழிருந்து போகுமில்.

ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.
சரியாக இரண்டு கோடு.

"மிரா," என்கிறது ரேடியோ, "மிரா,
இருக்கிறாயா?"